காசு கட்டிய ஸ்லிப் அனுப்ப முதல்: கொழும்பில் இருந்துகொண்டு ஒன்லைன் கிளாஸ் தேடுவது எப்படி

வெள்ளவத்தையில் காலி வீதி (Galle Road) ஓரமாக நடந்தால், முந்தியெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் ஒரு டியூஷன் சேரின் முகம் ஒட்டியிருக்கும். கோட் போட்டு, கையைக் கட்டி, பின்னால் மின்னல் வெட்டும் ஒரு படம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியதோடு அந்த முகங்கள் எல்லாம் போனுக்குள் குடியேறிவிட்டன. கம்பத்தில் இருந்தபோதாவது பத்து இருபது முகம்தான். இப்போது பேஸ்புக்கைத் திறந்தால் முடிவே இல்லை.

"அக்கா, நல்ல மெத்ஸ் கிளாஸ் ஒன்று இருந்தா சொல்லுங்கோ" என்று எங்கள் மாடிக் குடியிருப்பில் மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். நான் ஆசிரியை இல்லை, ஒரு கம்பனியில் கணக்கு எழுதுபவள். தங்கச்சியின் மகனுக்குப் பௌதிகவியல், என் மகளுக்கு சாதாரண தர விஞ்ஞானம், எனக்கு ஆங்கிலமும் எக்செலும் என்று இதுவரை பதினொரு ஒன்லைன் வகுப்புக்குக் காசு கட்டியிருக்கிறேன். அதில் உருப்பட்டவை நான்கு. மற்ற ஏழிலும் பட்டுத் தெளிந்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

உருப்பட்ட அந்த நான்கையும் வைத்துப் பார்த்தால், நான்கிலும் ஒன்று பொதுவாக இருந்தது. பிள்ளை எழுதியதை யாரோ ஒருவர் வாசித்து, பிழை போட்டு, திருப்பித் தந்தார். பெரிய பெயர், நல்ல கமரா, அழகான ஸ்லைட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு வரி எழுதுங்கள்

தேடத் தொடங்க முன் ஒரு தாளில் ஒரே ஒரு வரி. யாருக்கு, எந்தப் பரீட்சைக்கு அல்லது என்ன வேலைக்கு, எந்த மொழிமூலம், எந்த ஆண்டு, எந்த நேரம். உதாரணத்துக்கு: "மகன், 2027 உயர்தரம், தமிழ் மொழிமூலம், இணைந்த கணிதம், தியரி பாதி முடிந்தது, கிழமை நாட்களில் ஆறரைக்குப் பிறகு." இந்த வரி இல்லாமல் போய் நிற்பவருக்கு எந்த விளம்பரமும் தனக்கென்றே செய்தது போலத்தான் தெரியும்.

இதில் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் 'தியரி' என்ற சொல். உயர்தரத்துக்கு மூன்று விதமான வகுப்பு நடக்கிறது. தியரி வகுப்பில் பாடத்தை அலகு அலகாக முதலிலிருந்து நடத்துவார்கள். ரிவிஷன் வகுப்பு, பாடம் ஒருமுறை முடிந்தவர்களுக்கு மீட்டல். பேப்பர் கிளாஸில் வினாத்தாள் செய்வது மட்டும்தான். பாடம் பாதியில் நிற்கும் பிள்ளையை, பேர்போன சேர் என்பதற்காகப் பேப்பர் கிளாஸில் கொண்டுபோய் விட்டால் அது மூன்று மணி நேரம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிறகு "எனக்கு மெத்ஸ் வராது" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடும். வகுப்புகளை ஆண்டைச் சொல்லித்தான் பெட்ச் பிரிப்பார்கள். எந்த பெட்ச், தியரியா ரிவிஷனா, இப்போது எந்த அலகில் நிற்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போகவேண்டாம்.

காசு கொடுக்க முன், காசில்லாமல் கிடைப்பதைப் பாருங்கள்

இதை நான் கடைசியில்தான் செய்தேன். நீங்கள் முதலிலேயே செய்யுங்கள்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடசாலைப் புத்தகங்கள் மூன்று மொழியிலும் பீடீஎப் ஆக இருக்கின்றன, இறக்கிக்கொள்ளலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரம் வாரியாகப் பாடங்கள் இருக்கின்றன, காசு இல்லை. மகரகமையில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளை வெளியிடுகிறது. ஓர் அலகுக்கு எத்தனை பாடவேளை, எதுவரை கற்பிக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். சேர் ஒரு சின்ன அலகில் இரண்டு மாதம் சுற்றிக்கொண்டு நின்றால் அந்த வழிகாட்டியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கை. எந்தக் கேள்வியில் பிள்ளைகள் எங்கே சறுக்கினார்கள், எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று அதில் எழுதியிருக்கும். கடந்தகால வினாத்தாள் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து, ஒரு சனிக்கிழமை காலை நேரம் பிடித்து எழுத வைத்து, புள்ளித்திட்டத்தை வைத்து நீங்களே திருத்திப் பாருங்கள். பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விடையை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தால் போதும். அப்போது "மெத்ஸ் வீக்" என்ற பொதுப்பேச்சு போய், "திரிகோண கணிதம் சரி, நிகழ்தகவு பூச்சியம்" என்று ஒரு படம் கிடைக்கும். சிலவேளை முழு வகுப்பே தேவைப்படாது. நாலு கிழமைத் தனி வகுப்பு ஒன்றே போதுமாக இருக்கும்.

தமிழா, எந்தத் தமிழா?

இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூடியூபில் தமிழில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகள். நல்ல ஆசிரியர்கள், இலவசம், நேரமும் ஒன்று: 2006 ஏப்ரலில் இருந்து நமக்கும் இந்தியாவுக்கும் கடிகாரம் ஒன்றுதான், நேரடி வகுப்பென்றாலும் குழப்பம் இல்லை. பாடமும் நன்றாக விளங்கும். ஆனால் பரீட்சை மண்டபத்தில் சொல் காலை வாரிவிடும்.

அங்கே இயற்பியல், இங்கே பௌதிகவியல். அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். அங்கே செல், இங்கே கலம். அங்கே கார்பன் டை ஆக்சைடு என்பார்கள், நம் புத்தகத்தில் அது காபனீரொட்சைட்டு. இவையெல்லாம் தெரியாவிட்டால் 'தெரியாது' என்றாவது தெரியும். ஆபத்து இரண்டு பக்கமும் ஒரே சொல் இருந்து, பொருள் மாறி நிற்கும் இடத்தில்தான். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் 'நிறை' என்றால் கிலோகிராமில் அளப்பது, நியூட்டனில் வருவது 'எடை'. நம் புத்தகத்தில் கிலோகிராமில் அளப்பது 'திணிவு', நியூட்டனில் வருவதுதான் 'நிறை'.

தங்கச்சியின் மகன் ஒரு விடுமுறை முழுக்க அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, வகுப்பு வினாத்தாளில் "பெட்டியின் நிறை 5 கிலோகிராம்" என்று எழுதியிருந்தான். கணக்கு சரி, விடையும் சரி. ஆனால் அந்த வரியைச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் "நிறையா, திணிவா? நிறை என்றால் நியூட்டனில் சொல்" என்று எழுதி வந்திருந்தது. அந்தத் தாளைத் திருத்தியவர் பெரிய சேர் இல்லை, அவரிடம் முந்திப் படித்து இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு பிள்ளை. அந்த ஒரு சிவப்பு வட்டத்துக்காகவே அந்த மாதக் காசு தகும் என்று நினைத்தேன்.

ஆகவே, தமிழ்நாட்டுக் காணொளியை விளங்கிக்கொள்ளப் பாருங்கள், எழுதுவதை நம் பாடத்திட்டத்தில் நடத்தும் ஒருவரிடம் பழகுங்கள். ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வரும். கொழும்பில் அப்படிப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் எழுத வைக்கும் வகுப்பு அவர்களுக்குப் பொருந்தும், தமிழிலேயே டியூட் (பாடக்குறிப்புத் தாள்) தரும் வகுப்பு பொருந்தாது. விளம்பரத்தில் "தமிழ் மற்றும் ஆங்கில மொழிமூலம்" என்று ஒன்றாகப் போட்டிருந்தால், டியூட் எந்த மொழியில், பேப்பர் எந்த மொழியில் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

எங்கே தேடுவது

பேஸ்புக்கில் தொடங்கவேண்டாம். போன வருடம் அதே பரீட்சை எழுதிய பிள்ளைகளில் தொடங்குங்கள். உங்கள் பிள்ளையின் பாடசாலையில் மேல்வகுப்பு அக்காமார், அண்ணாமார், மாடி வீட்டுப் பிள்ளை, கோயிலில் பார்க்கும் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. எல்லாரும் மூன்று ஏ எடுத்த பிள்ளையைத்தான் தேடிப் போவார்கள். நான் தேடுவது எஸ்ஸில் (ஆகக் குறைந்த சித்தி) இருந்து சீக்கு அல்லது பீக்கு வந்த பிள்ளையை. மூன்று ஏ எடுத்தது எந்த வகுப்புக்குப் போயிருந்தாலும் எடுத்திருக்கும். எஸ்ஸில் இருந்து ஏறியதற்குத்தான் எது உதவியது என்று சொல்லத் தெரியும்.

பெறுபேறு வந்த கிழமை போஸ்டர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். ஒரே பிள்ளையின் சிரித்த முகம் நாலு சேர்மாரின் போஸ்டரில் வரும். பொய் என்று சொல்லமுடியாது. ஒருவரிடம் தியரி, இன்னொருவரிடம் ரிவிஷன், மற்றவரிடம் ஒருநாள் கருத்தரங்கு என்று போயிருக்கும். "எங்கள் மாணவர் 30 பேர் ஏ" என்று போட்டிருந்தால் மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். 40 பேரில் முப்பது வேறு, 900 பேரில் முப்பது வேறு. பதில் வராவிட்டாலும் அதுவும் ஒரு பதில்தான்.

முன்பு நல்ல வகுப்புக்கென்று நுகேகொடைக்கு 138 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்களுக்கு இப்போது யாழ்ப்பாணத்து ஆசிரியரும் மட்டக்களப்பு ஆசிரியரும் வீட்டுக்குள் கிடைக்கிறார்கள். ஒன்லைன் செய்த பெரிய நன்மை என்றால் இதைத்தான் சொல்வேன். எங்களுக்கு உருப்பட்ட நான்கில் இரண்டு வகுப்பு கொழும்புக்கு வெளியே இருந்துதான் வந்தது. தேடும்போது ஊரைக் கொண்டு வடிகட்டாதீர்கள்.

இலவச வகுப்பில் என்ன பார்ப்பது

பெரும்பாலான வகுப்புகளில் முதல் நாள் இலவசம், அல்லது கேட்டால் ஒரு ரெக்கோடிங் அனுப்புவார்கள். பிள்ளையோடு நீங்களும் ஓரமாக உட்காருங்கள். சூம் என்றால் உள்ளே போனதும் எத்தனை பேர் என்று எண்ணிக்கை தெரியும். 25 பேர் என்றால் வகுப்பு. 600 பேர் என்றால் அது மேடைப்பேச்சு, அதில் தப்பில்லை, ஆனால் அதே உள்ளடக்கம் யூடியூபில் காசில்லாமல் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

முதல் பதினைந்து நிமிடத்தில் நான் பார்ப்பது மூன்று. போனில் பார்க்கும்போது பலகை எழுத்து வாசிக்க முடிகிறதா? பல சேர்மார் தங்கள் பெரிய திரையில் பார்த்து எழுதுகிறார்கள், இங்கே ஆறங்குலப் போனில் எறும்பு ஊர்வது போல இருக்கும். கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்கிறார்? "விளங்குதா? சரி" என்று ஒரே மூச்சில் சொல்பவர் யாரையும் கேட்கவில்லை. பிள்ளை சூமின் சட் (chat) பெட்டியில் எழுதிய கேள்வியை யாராவது பார்க்கிறார்களா? நல்ல வகுப்புகளில் இதற்கென்றே ஓர் உதவியாளர் இருந்து, கேள்விகளைச் சேர்த்து நடுவில் வாசிப்பார்.

வகுப்பு முடிந்ததும் வட்ஸ்அப் இலக்கத்துக்கு ஒரு செய்தி போடுங்கள். கேட்க வேண்டியவை: மாதத்தில் எத்தனை பேப்பர்? அதை யார் திருத்துகிறார்? எத்தனை நாளில் திருப்பி வரும்? திருத்திய தாள் ஒன்றின் படம், பெயரை மறைத்துவிட்டு, அனுப்பமுடியுமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். ஒருவர் எனக்கு உடனே மூன்று படம் அனுப்பினார். படிக்குப் படி புள்ளி போட்டு, ஓரத்தில் "அலகு எங்கே?" என்று எழுதியிருந்தது. இன்னொருவர், "நாங்கள் விடைகளைக் குழுவில் போடுவோம், பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்" என்றார். அதற்கு நான் காசு கட்டத் தேவையில்லை, புள்ளித்திட்டத்தைத்தான் நானே இறக்கி வைத்திருக்கிறேனே.

ரெக்கோடிங் எத்தனை நாள் இருக்கும், டியூட் கூரியரில் வருமா பீடீஎப் ஆக வருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பீடீஎப் என்றால் அச்செடுக்கும் செலவு உங்கள் தலையில்.

காசுக் கணக்கு, டேட்டாக் கணக்கு

கணக்கு எழுதுபவள் என்பதால் இதைச் சும்மா விடமுடியாது. வகுப்புகளை மாதக் காசை வைத்து ஒப்பிடாதீர்கள், மணிக்கு எவ்வளவு என்று பிரியுங்கள். மாதம் 3,000 ரூபாய், நாலு வகுப்பு, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 300. மாதம் 2,400க்கு ஒன்றரை மணி நேர வகுப்பு நாலு என்றால் மணிக்கு 400. மலிவு என்று நினைத்தது விலை கூடியது. அதன்மேல் பேப்பர் திருத்துவது சேர்ந்ததா, தனிக்காசா என்று பாருங்கள்.

டேட்டா: வீடியோவோடு ஒரு மணி நேர சூம் வகுப்பு, தரத்தைப் பொறுத்து அரை ஜீபியில் இருந்து ஒரு ஜீபி வரையும், சிலவேளை அதற்கு மேலும் தின்னும். மேலே சொன்ன பத்து மணி நேர வகுப்பு மூன்று பாடத்துக்கு என்றால் மாதம் 15 முதல் 30 ஜீபி. வீட்டில் பைபர் இருந்தால் கவலையில்லை. போனில்தான் என்றால் வகுப்புக்கென்று தனியாக விற்கும் டேட்டாப் பொதிகளை விசாரியுங்கள், ஆனால் எந்தச் செயலிக்குச் செல்லும் என்று வாசித்துவிட்டுப் போடுங்கள். சூமுக்கு மட்டும் என்ற பொதியில் யூடியூப் ரெக்கோடிங் பார்த்தால் சாதாரண டேட்டாவில்தான் வெட்டும்.

இன்னொரு சின்ன அடையாளம். சூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். மாதக்காசு வாங்கிக்கொண்டு, நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை "பிள்ளைகள், திரும்பவும் அதே லிங்கில் வாங்கோ" என்று சொல்பவர் உங்கள் பிள்ளையின் நேரத்தில் மிச்சம் பிடிக்கிறார்.

ஆறு மாதக் காசை ஒன்றாகக் கட்டாதீர்கள். நான் கட்டினேன். கழிவு தருகிறோம் என்றார்கள், நானும் கணக்குப் பார்த்து மகிழ்ந்துபோய்க் கட்டினேன். மூன்றாம் மாதம் வகுப்பு இரண்டு கிழமைக்கு ஒன்றானது, நாலாம் மாதம் "சேருக்குச் சுகமில்லை", ஐந்தாம் மாதம் வட்ஸ்அப் குழுவில் யாரும் எழுதமுடியாதபடி பூட்டிவிட்டார்கள். காசைத் திருப்பிக் கேட்க ஒரு முகவரிகூட என்னிடம் இருக்கவில்லை. அன்றிலிருந்து மாதத்துக்கு மாதம்தான். வங்கியில் போட்டால் ஸ்லிப்பில் பிள்ளையின் பெயரும் மாதமும் பேனாவால் எழுதிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பெயரில் வராவிட்டால் சூமில் உள்ளே எடுக்கமாட்டார்கள் என்பதால் பிள்ளையின் சூம் பெயரையும் அதுபோலவே மாற்றிவிடுங்கள். வங்கியிலிருந்து போனுக்கு வரும் ஓடீபி இலக்கத்தை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்கவேண்டாம். வகுப்புக் காசு கட்ட அது யாருக்கும் தேவைப்படாது.

பெரியவர்களுக்கு: சான்றிதழைப் பற்றி

வேலைக்காகப் படிக்கிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, வேண்டியது வேலையா சான்றிதழா என்பது. விளம்பரத்தில் "அரசில் பதிவுசெய்யப்பட்டது" என்று ஓர் இலக்கம் இருக்கும். உற்றுப் பாருங்கள், பல இடத்தில் அது வெறும் வியாபாரப் பதிவு இலக்கம். பலசரக்குக் கடைக்கும் அது இருக்கும். தொழிற்கல்வி நிறுவனம் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா, அந்தப் பாடநெறிக்கு என்விகியூ (தேசிய தொழிற் தகைமை) மட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம். இரண்டையும் அந்த ஆணைக்குழுக்களின் தளத்திலேயே பார்க்கலாம், நிறுவனத்தின் வாய்ச்சொல்லை நம்பத் தேவையில்லை.

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுத எந்த வகுப்புக்கும் போயிருக்கத் தேவையில்லை. பரீட்சையை நடத்துவது பிரிட்டிஷ் கவுன்சிலும் ஐடிபியும்தான், பெறுபேறு இரண்டு வருடத்துக்குச் செல்லும். "எங்களிடம் படித்தால் பேண்ட் 7 நிச்சயம்" என்று யாராலும் சொல்லமுடியாது. கேட்க வேண்டியது இங்கேயும் அதேதான்: நான் எழுதும் கட்டுரையை யார் திருத்துவார், கிழமைக்கு எத்தனை? ஜெர்மன் என்றால் கெய்தே நிறுவனம், பிரெஞ்சு என்றால் அலியான்ஸ் பிரான்சேஸ், இரண்டும் கொழும்பு 7இல் இருக்கின்றன. அவர்களிடம் விசாரித்துவிட்டுப் பிறகு தனியார் வகுப்புகளோடு ஒப்பிடுங்கள்.

கணினித்துறைக்குப் போக நினைப்பவர்கள் லட்சக்கணக்கில் கட்ட முன் மூன்றைப் பார்க்கவும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சீஎஸ்50 என்ற கணினி அறிமுகப் பாடநெறி முழுவதும் இலவசம், பயிற்சிகளைச் செய்து அனுப்பி முடித்தால் அவர்கள் தளத்தில் இலவசச் சான்றிதழும் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் மென்பொருள் உருவாக்கத்துக்கு இலவச ஒன்லைன் பாடநெறிகள் வைத்திருக்கிறது. பட்டமே வேண்டும் என்றால் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிஐடி (தகவல் தொழில்நுட்ப) வெளிவாரிப் பட்டம், அல்லது நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம். எல்லாமே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். ஒன்லைன் பாடநெறித் தளங்களில், கோர்சேராவில் காசில்லை என்றால் கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. யூடெமியில் ஒருபோதும் முழுவிலைக்கு வாங்காதீர்கள், அடிக்கடி கழிவு போடுவார்கள், பொறுத்திருந்தால் போதும்.

லண்டனில் இருந்து மாலை ஆறு மணிக்கு நடக்கும் நேரடி வகுப்பு, கோடையில் நமக்கு இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டாம் கிழமையே விட்டுவிடுவார்கள். நானும் விட்டேன்.

வீட்டில்

கொழும்பு மாடி வீடுகளில் தனியறை கேட்டால் சிரிப்பார்கள். மேசை எங்கே இருந்தாலும் பிள்ளையின் முதுகு சுவரைப் பார்த்து இருக்கட்டும், பின்னால் ஆட்கள் நடமாடினால் கமராவை நிறுத்திவிடும், நிறுத்தினால் படுத்துவிடும். மைக் உள்ள நல்ல இயர்போன் ஒன்று வாங்குங்கள், காலி வீதி ஹோர்னுக்கு அதுதான் மருந்து.

மின்வெட்டு 2022 போல 13 மணி நேரம் இப்போது இல்லை. ஆனாலும் 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சர் சொன்னது நினைவிருக்கும். ஞாயிறு என்றால் பேப்பர் கிளாஸ் நாள். அன்று போனில் சார்ஜும் கொஞ்சம் டேட்டாவும் இருந்த பிள்ளைகள் மட்டும் தப்பின.

ரெக்கோடிங்கைப் பற்றி ஒரு கட்டளை வைத்துக்கொள்ளுங்கள்: தவறிய வகுப்பை இரண்டு நாளுக்குள் பார்க்காவிட்டால் பார்க்கவே போவதில்லை. தங்கச்சியின் மகனின் போனில் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், பார்க்காமல் கிடந்தது 42 மணி நேரம். "ரெக்கோடிங் இருக்குத்தானே பெரியம்மா" என்பான்.

நாலு கிழமை கழித்து

சேர்ந்த நாளிலேயே நாட்காட்டியில் நாலாம் கிழமையைக் குறித்து வையுங்கள். அன்று அந்த மாதம் நடத்திய அலகில் இருந்து கடந்தகாலக் கேள்வி மூன்றை நேரம் பிடித்து எழுத வையுங்கள். வீட்டில் சத்தம் என்றால் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, அங்கே போய் எழுதட்டும். தொடக்கத்தில் நீங்கள் திருத்திய முதல் தாளோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடவே வகுப்பில் இருந்து திருத்தி வந்த தாள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுகூட வராவிட்டால் அடுத்த ஸ்லிப் வேண்டாம்.

விடுவதற்குக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். சேர் கோபிப்பார், நாளைக்கு எங்காவது கண்டால் என்ன நினைப்பார் என்று இழுத்துக்கொண்டே போவார்கள். அறுநூறு பேரில் ஒருவர் போனது அவருக்குத் தெரியாது. சிறிய வகுப்பு என்றால் மட்டும் சொல்லிவிட்டு நில்லுங்கள். நான் அனுப்பியதை அப்படியே தருகிறேன், வேண்டுமென்றால் பெயரை மாற்றிப் பயன்படுத்துங்கள்: "வணக்கம் சேர். மகள் அடுத்த மாதத்தில் இருந்து வகுப்புக்கு வரமாட்டா. இதுவரை கற்பித்ததற்கு நன்றி. எழுதிக் கொடுத்த இரண்டு பேப்பர் இன்னும் திருப்பி வரவில்லை, முடிந்தால் அனுப்பிவிடுங்கள்."

அந்த இரண்டு பேப்பரும் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தன, திருத்தி.